காற்று, சோறு, மாத்திரை: தாம்பரம் சானடோரியத்தைச் சேரியிலிருந்து படிப்பது

கடற்கரையிலிருந்து தெற்கே போகிற மின்சார ரயிலில் பல்லாவரம் தாண்டினால் குரோம்பேட்டை. அடுத்தது தாம்பரம் சானடோரியம். தினமும் ஆயிரக்கணக்கான சனம் ஏறி இறங்குகிற நிறுத்தம். சானடோரியம் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ‘அது ஊரு பேருப்பா’ என்பார்கள். அது ஊர்ப் பெயர் இல்லை. காசநோய்க்காரர்களைத் திறந்த காற்றில் வைத்துப் பார்க்கிற இடத்துக்கு ஐரோப்பாவில் வைத்த பெயர். குரோம்பேட்டையும் அப்படித்தான், குரோம் லெதர் கம்பெனி வந்ததால் வந்த பெயர். ஒரு நிறுத்தம் தோல், அடுத்த நிறுத்தம் நுரையீரல். இந்த இரண்டு நிறுத்தங்களுக்கும் நடுவில் நம்முடைய சனத்தின் நூறு வருசம் கிடக்கிறது.

மருத்துவமனைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக டாக்டர்களின் வரலாற்றைத்தான் எழுதுகிறார்கள். யார் கட்டினார், யார் திறந்துவைத்தார், எத்தனை படுக்கை என்று போகும். படுக்கையில் கிடந்தவன் எந்தத் தெருவிலிருந்து வந்தான், எந்த வேலை செய்து அந்த இருமலை வாங்கினான், குணமாகி எந்த வீட்டுக்குத் திரும்பிப் போனான் என்பதெல்லாம் அதில் வராது. இந்தக் கட்டுரையிலும் டாக்டர்கள் வருகிறார்கள். வரட்டும். ஆனால் அவர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒரே கேள்வி: நோய் வந்தபின் பார்ப்பது இருக்கட்டும், வராமல் தடுப்பது என்று எதைச் சொன்னீர்கள்? அந்தத் தடுப்பு சேரிக்குள் வந்ததா?

1

தாம்பரம் சானடோரியத்தை 1928இல் தொடங்கியவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து. பன்னிரண்டு படுக்கைகள் கொண்ட தனியார் நிறுவனம். தமிழர். இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில் மெண்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்திப் பெயர் வாங்கிவிட்டு இங்கே வந்தவர். கணித மேதை ராமானுஜன் 1917இல் இங்கிலாந்தில் நோயில் விழுந்தபோது கொஞ்ச காலம் சௌரி முத்துவின் மெண்டிப் சானடோரியத்தில்தான் இருந்தார். வெள்ளைக்காரனுடைய நாட்டில் வெள்ளைக்கார நோயாளிகளுக்கு ஒரு தமிழன் வைத்தியம் பார்த்தான் என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை.

அவருடைய வைத்தியத்தைவிட அவருடைய பார்வைதான் நமக்கு முக்கியம். 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தபின் மருத்துவ உலகம் முழுக்க அந்தக் கிருமியின் பின்னாலேயே ஓடியது. சௌரி முத்து ஓடவில்லை. தன் இருபத்திச் சொச்ச வருச அனுபவத்தைத் தொகுத்து 1922இல் வெளியிட்ட நூலிலும் அவர் வாதம் இதுதான்: கிருமி மட்டும் நோயை உண்டாக்கிவிடாது. நெருக்கமான வீடு, போதாத சாப்பாடு, கெட்டுப்போன காற்று, ஓய்வில்லாத உழைப்பு எல்லாம் சேர்ந்து உடம்பை நோய்க்குப் பக்குவப்படுத்தி வைக்கின்றன. தொழிற்சாலை நாகரிகம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் காசம் பின்னாலேயே போகிறது. ஆகவே வாழ்க்கையைத் திருத்தாமல் நோயைத் தடுக்க முடியாது.

கிருமியை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்பது உண்மை. அதில் அவர் பக்கம் நியாயம் இல்லை. கிருமி இல்லாமல் காசநோய் இல்லை. ஆனால் கிருமி உடம்புக்குள் போன எல்லாருக்கும் நோய் வருவதில்லை என்பதும் அதே அளவு உண்மை. பெரும்பாலானவர்களின் உடம்பு அதை அமுக்கி வைத்துக்கொள்கிறது. அமுக்க முடியாத உடம்பு எது? பசித்த உடம்பு. தூசு தின்ற உடம்பு. சர்க்கரை நோயும் சாராயமும் தின்ற உடம்பு. அந்தக் கணக்கில் சௌரி முத்து சரியான இடத்தில்தான் விரலை வைத்தார்.

இங்கிலாந்தே இதற்குச் சாட்சி. அங்கே காசநோய்ச் சாவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே இறங்கத் தொடங்கிவிட்டது. முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1940களில். மருந்து வருவதற்கு முன்பே பெரும்பகுதிச் சரிவு நடந்து முடிந்துவிட்டது. தாமஸ் மெக்கியோன் என்ற ஆய்வாளர், இதற்குச் சாப்பாடு தேறியதுதான் முதல் காரணம் என்று வாதிட்டார். சுகாதார ஏற்பாடுகளுக்கும் பங்குண்டு என்று அவரோடு சண்டை போட்டவர்கள் உண்டு. மாத்திரை இல்லாமலே சாவு குறைந்தது என்பதில் யாருக்கும் சண்டையில்லை.

2

சௌரி முத்துவிடம் நமக்குள்ள தகராறு வேறு. ‘வாழ்க்கையைத் திருத்த வேண்டும்’ என்றாரே, யாருடைய வாழ்க்கையை, யார் திருத்துவது?

நகரமும் ஆலையும் கெடுதல், பழைய வாழ்க்கை நல்லது என்ற நினைப்பு அந்தக் காலத்துப் படித்தவர்கள் பலரிடமும் இருந்தது. சௌரி முத்து பழைய இந்து மருத்துவத்தின் பெருமையைப் பேசியும் புத்தகம் எழுதியவர். ஆனால் அந்தப் பழைய கிராமத்தில் நம் சனம் எங்கே இருந்தது? ஊருக்கு வெளியே. பள்ளத்தில், சாக்கடை வந்து நிற்கிற இடத்தில். திறந்த காற்று நிறைய இருந்தது, இல்லை என்று சொல்லமுடியாது. குடிக்கத் தண்ணீர்தான் இல்லை. ஊர்க் கிணற்றைத் தொட்டால் அடி. கிராமத்தைப் பற்றி 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதை நாம் படித்திருக்கிறோம். கிராமத்தின் பெருமை பாடியவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டார்கள்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1928இல் தாம்பரத்தில் சானடோரியம். அதற்கு முந்தைய வருசம், 1927 மார்ச்சில், மகாடில் சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதற்கும் மூன்று வருசம் முன்னால், 1924இல், சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்கட்டடம் எல்லாம் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் திறந்துவிடப்பட வேண்டும் என்று இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். சீனிவாசன் இதே செங்கல்பட்டு ஜில்லாக்காரர். சமூகச் சீர்திருத்தம் என்ற தலைப்பில் இதையெல்லாம் படித்துப் பழகிவிட்டோம். தண்ணீர் எடுக்கிற உரிமை என்பது பேதி வராமல் இருக்கிற உரிமை. பொதுத்தெருவில் நடக்கிற உரிமை என்பது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்கிற உரிமை. என் கணக்கில் 1924 தீர்மானம் இந்த மாகாணத்தின் பொதுச் சுகாதாரக் கொள்கைகளில் ஒன்று. அதை எழுதியவர் டாக்டர் இல்லை, அவ்வளவுதான்.

டாக்டர் வேண்டுமென்றாலும் நம்மிடம் இருந்தார். அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்திய கையால் நாடி பிடித்தவர். 2005இல் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். தினம் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று சீட்டு வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்?

3

1937இல் சென்னை அரசு சானடோரியத்தை எடுத்துக்கொண்டது. 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் இப்படி ஒரு முழுமையான சட்டம் போட்ட முதல் மாகாணம் இது. குடிநீர், சாக்கடை, கொள்ளைநோய், வாழத் தகுதியில்லாத வீடு என்று எல்லாவற்றையும் அது தொட்டது. நோயைத் தடுப்பது அரசின் கடமை என்ற நினைப்பு நம் மாநிலத்தில் ஊன்றியதற்கு இந்தச் சட்டமும், மருத்துவத் துறையிலிருந்து பிரித்துத் தனியாக வைக்கப்பட்ட பொதுச் சுகாதாரத் துறையும் காரணம். இன்றைக்கும் தமிழ்நாடு மற்ற மாநிலங்களைவிட இதில் மேலே நிற்கிறது என்றால் அந்தப் பழைய அஸ்திவாரத்துக்குப் பங்கு உண்டு. இதை மறுக்க நமக்கு அவசியமில்லை.

1946இல் வந்த போர் குழு அறிக்கை காசநோய்க் கணக்கைப் போட்டது. நாட்டில் நோயாளிகள் சுமார் 25 லட்சம். வருசச் சாவு 5 லட்சம். இருந்த படுக்கைகளோ 6 ஆயிரம் சொச்சம். சானடோரியம் கட்டியே இந்த நோயைத் தீர்ப்பது என்றால் அடுத்த நூற்றாண்டிலும் தீராது என்று யாருக்கும் புரிந்திருக்கும்.

அப்போதுதான் தடுப்பூசி வந்தது. 1948இல் கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் தொடங்கியது. உடனே சென்னையில் எதிர்ப்பும் கிளம்பியது. ஏ. வி. ராமன் என்ற சுகாதாரப் பொறியாளர், சாக்கடையும் வீடும் சாப்பாடும் சரியில்லாத நாட்டில் ஊசி போட்டு என்ன பயன் என்று பிரச்சாரம் செய்தார். 1955இல் ராஜாஜியும் பி.சி.ஜி.யை எதிர்த்து எழுதினார். வாதத்தை மட்டும் பார்த்தால் சௌரி முத்து சொன்னதற்குக் கிட்டத்தில்தான் வருகிறது. ஆனால் வாதத்தை யார் வாயில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். தகப்பன் தொழிலையே பிள்ளையும் வீட்டில் கற்றுக்கொள்ளட்டும் என்று 1953இல் பள்ளி நேரத்தைப் பாதியாக்கியவர் ராஜாஜி. சாக்கடை சுத்தமாக வேண்டும், சரி. அந்தச் சாக்கடைக்குள் இறங்குகிறவன் மகனும் அதில்தான் இறங்கவேண்டுமா? சுகாதாரம் பேசிய மேல்சாதிக் குரல்களில் இந்தக் கேள்வி எப்போதும் தொண்டையிலேயே நின்றுவிடும். துப்புரவு என்பது அவர்களுக்கு ஒரு நிலைமை. நமக்கு அது ஒரு வேலை, அதுவும் நம் தலையில் கட்டப்பட்ட வேலை.

4

இனி இந்த வரலாற்றின் மையமான இடத்துக்கு வருகிறேன். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் சேர்ந்து நடத்தியது. இப்போது அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. சென்னையின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாடு, நர்ஸ் கவனிப்பு, மருந்து. மறுபாதிக்கு வீட்டிலேயே மருந்து மட்டும். அந்த வீடுகள் நெருக்கடியானவை. சாப்பாடு குறைவு. எழுந்து நடமாட முடிந்தவுடன் வேலைக்கும் போனார்கள்.

1959இல் முடிவு வெளிவந்தது. இரண்டு பாதிக்கும் குணம் கிட்டத்தட்ட ஒரே அளவு. வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை என்பதும் பின்தொடர்ந்து பார்த்ததில் தெரிந்தது. ஐசோனியாசிட், பாஸ் ஆகிய மருந்துகள் ஒழுங்காக உள்ளே போனால் போதும். உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடத் தொடங்கின. 1962இல் வந்த தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாக எடுத்துக்கொண்டது.

இந்தக் கண்டுபிடிப்பைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஒரு வருசம் கூலியை விட்டுவிட்டு, பிள்ளைகளை விட்டுவிட்டு, தாம்பரத்தில் போய்ப் படுத்துக்கொள்ள நம்மில் எத்தனை பேரால் முடியும்? படுக்கை கிடைக்கிறவன் பிழைப்பான், கிடைக்காதவன் சாவான் என்ற நிலையை உடைத்தது சேத்துப்பட்டு ஆய்வு. இலட்சக்கணக்கான ஏழைகள் அதனால் பிழைத்தார்கள். அவர்களில் நம் சனம் நிறைய.

ஆனால் அந்த ஆய்வு கேட்ட கேள்வி ஒன்று, ஆட்சியாளர்கள் எடுத்துக்கொண்ட பதில் வேறொன்று. ‘பட்டினிக்காரனையும் மருந்து குணப்படுத்துமா?’ என்பது கேள்வி. ‘குணப்படுத்தும்’ என்பது பதில். அதிலிருந்து ‘அப்படியானால் பட்டினியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்’ என்று எப்படி வரும்? பட்டினி நோயை உண்டாக்குகிறதா என்று அந்த ஆய்வு கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதுபோல நடந்துகொண்டார்கள். வீடு, சோறு, கூலி, தண்ணீர் எல்லாம் காசநோய்த் திட்டத்தின் காகிதங்களில் ஓரத்துக்குப் போயின. மாத்திரை நடுவில் வந்து உட்கார்ந்தது. சேரியை அப்படியே வைத்துக்கொண்டு சேரிக்காரனுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கலாம் என்பது ஆள்கிறவர்களுக்கு எவ்வளவு வசதியான முடிவு!

அம்பேத்கர் இதை வேறு விதமாகப் பார்த்தார். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. தொழிலாளர் நோய்க்காப்பீட்டுக்கான அடித்தளம் போடப்பட்டது அந்தக் காலத்தில்தான். அதுதான் 1948இல் இ.எஸ்.ஐ. சட்டமாக வந்தது. நோய் வந்தவனுக்கு மருந்தும் வேண்டும், வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியும் வேண்டும் என்பது அதன் உள்ளே இருக்கிற நியாயம். அந்தச் சட்டம் யாரைத் தொட்டது, யாரை விட்டுவிட்டது என்பதற்கு நான் வெளியே போய் ஆதாரம் தேடவேண்டியதில்லை.

5

என் அப்பா பல்லாவரம் பக்கம் கல் குவாரியில் வேலை செய்தவர். பல்லாவரம், திரிசூலம், பம்மல் மலைகளை உடைத்துத்தான் இந்த நகரத்தின் அஸ்திவாரம் போட்டார்கள். இன்றைக்கு அந்த இடங்களில் தண்ணீர் நிற்கிற பள்ளங்கள். உடைத்தவர்களின் நெஞ்சுக்குள்ளும் பள்ளம். கல் தூசு நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வருவது சிலிக்கோசிஸ். அது வந்தவனுக்குக் காசநோய் வருகிற வாய்ப்பு பல மடங்கு. இரண்டுக்கும் இருமல் உண்டு, இளைப்பு உண்டு, எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளி உண்டு.

அப்பாவுக்கு டி.பி. என்று ஒரு அரசு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். டாட்ஸ் திட்டம் வந்துவிட்ட காலம். வாரத்துக்கு மூன்று நாள் போய் நர்ஸம்மா கண்ணெதிரே மாத்திரை விழுங்க வேண்டும். அந்த மூன்று நாளும் காலை வேலை போச்சு. அரைநாள் கூலியும் போச்சு. வெறும் வயிற்றில் மாத்திரை குடைச்சல் கொடுக்கும். ஆயா ஒருநாள் கூடப் போய்க் கேட்டது: ‘மாத்திர குடுக்கறீங்க, நல்லதும்மா. சோறு இன்னா பண்றது? முட்டை துன்னு, பாலு குடின்னு சொல்றீங்க. ரேசன் அரிசி கஞ்சிய வச்சிக்கினு நான் எங்க போவட்டும்?’ பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அந்த நர்ஸம்மா இல்லை. அவங்க பாவம், அவங்களும் தொகுப்பூதியம்.

அப்பா மாத்திரையை ஒழுங்காக முடித்தார். குணம் என்று எழுதி அனுப்பினார்கள். பதிவேட்டில் அது ஒரு வெற்றி. மறுவாரம் குவாரிக்குப் போனார். நாலு வருசத்தில் மறுபடி இருமல். அந்தத் தடவை தேறவில்லை. ‘என்ன வேலை செய்யறே?’ என்று எந்தக் காகிதத்திலும் யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் சிலிக்கோசிஸ் என்று சந்தேகம் வந்திருக்கும். 1923ஆம் வருசத்துத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் சிலிக்கோசிஸ் தொழில்நோயாக இடம்பெற்றிருந்தது. தொழில்நோய் என்றால் முதலாளி பதில் சொல்ல வேண்டும். டி.பி. என்றால் யாரும் பதில் சொல்ல வேண்டாம், கிருமிதான் குற்றவாளி. நோய்க்கு வைக்கிற பெயரில்கூட யாரைக் காப்பாற்றுவது என்கிற கணக்கு வேலை செய்கிறது. அப்பாவோடு கல் உடைத்தவர்களில் இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருந்த ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லாரும் மேஸ்திரி கையில் கூலி வாங்கியவர்கள்.

தோல் ஷாப்புகளிலும் இதே கதைதான். நாகல்கேணியில் தோல் பதனிட்ட குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கியது. வேலையும் அங்கே, குடியிருப்பும் அங்கே, குழாயடியும் அங்கே.

6

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு மருத்துவ உலகத்தில் இன்னொரு பெயர் உண்டு. பி.சி.ஜி. தடுப்பூசி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று உலகிலேயே மிகப் பெரிய சோதனை 1968இல் தொடங்கி இங்கேதான் நடந்தது. திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களும் ஊருக்கு வெளியே உள்ள சேரிகளுமாக, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் வந்தார்கள். 1979இல் முதல் முடிவு வந்தது. பெரியவர்களுக்கு வருகிற நுரையீரல் காசத்தை இந்த ஊசி தடுக்கவில்லை. பதினைந்து வருசம் பின்தொடர்ந்து 1999இல் வெளியிட்ட அறிக்கையும் அதையே சொன்னது. குழந்தைகளுக்கு வருகிற மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசத்திலிருந்து ஊசி காப்பாற்றுகிறது. அதனால் பிறந்த குழந்தைக்குப் போடத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஊசி ஒன்றே போதும் என்ற நம்பிக்கை செங்கல்பட்டு மண்ணில் முடிந்துபோனது.

ஆக 1959இல் சேத்துப்பட்டு, மருந்தால் குணப்படுத்த முடியும் என்றது. 1979இல் செங்கல்பட்டு, ஊசியால் தடுக்க முடியவில்லை என்றது. அப்படியானால் தடுப்பது எதனால்? அந்த இடத்தில் சௌரி முத்துவின் பழைய பதில் காத்துக்கொண்டு நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குள் வேறொரு நோய் வந்தது. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். எச்.ஐ.வி. வந்தவர்களைக் கொல்கிற முதல் நோய் காசம். 90களில் பெரிய பெரிய மருத்துவமனைகள் எய்ட்ஸ் நோயாளியைத் தொடப் பயந்து வாசலோடு அனுப்பியபோது, தாம்பரம் வாசலைத் திறந்து வைத்தது. அப்போது அதன் கண்காணிப்பாளர் மருத்துவர் தெய்வநாயகம். நோயாளிகளை உள்ளே எடுத்தார். ஆங்கில மருந்து எட்டாத விலையில் இருந்தபோது சித்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். அதன்மேல் மருத்துவ உலகில் விவாதங்கள் இருந்தன. ஆனால் தீண்டாமைக்கு எதிராக ஒரு மருத்துவமனை எடுத்த நிலை என்று அந்த வாசல் திறப்பை நான் பதிவு செய்கிறேன். தீண்டப்படாதவன் என்றால் என்ன என்று நமக்குப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவச எச்.ஐ.வி. கூட்டு மருந்தைத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. லாரி ஓட்டியவர், அவர் மனைவி, தறியோட்டி, கூலிக்காரி என்று தமிழ்நாடும் ஆந்திரமும் அந்தப் பெஞ்சுகளில் வந்து உட்கார்ந்தன.

7

கடைசியில் 2023இல் பதில் வந்தது. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளும் ஏழைகளும் நிறைந்த மாவட்டங்களில் மருத்துவர் அனுராக் பார்கவா தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. காசநோயாளிகளின் குடும்பத்தார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஒரு பகுதிக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மறு பகுதியில் நோயாளிக்கு மட்டும் உணவு. குடும்பத்துக்கே சோறு போன இடத்தில் புதிதாக நோய் வந்தவர்கள் 39 சதவீதம் குறைவு. நுரையீரல் காசம் மட்டும் எடுத்துக்கொண்டால் 48 சதவீதம் குறைவு. இந்த ஆய்வில் நம் சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. அரிசியும் பருப்பும் தடுப்பூசியைப் போல வேலை செய்கின்றன. ஆயா கேட்ட கேள்விக்குப் பதில் வர இத்தனை வருசம் ஆயிற்று. ஆயா இப்போது இல்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பொய். 2018இலிருந்து நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். தமிழ்நாடு 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் கண்டவுடன் எடை, மூச்சு, நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே படுக்கையில் சேர்க்கிற திட்டம். நல்ல திட்டம். சாவைத் தடுக்கிற திட்டம். நோயைத் தடுக்கிற திட்டம் எங்கே? குடும்பத்தாருக்கும் உணவுக்கூடை என்ற அறிவிப்பு வந்திருக்கிறது. ஆனால் அது நன்கொடையாளர்கள் கையில். தர்மம் வந்தால் கூடை வரும். நாம் கேட்பது தர்மம் இல்லை. 2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்று டெல்லி 2018இல் நாள் குறித்தது. நாள் வந்தது, நோய் போகவில்லை. உலகக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இன்றும் இந்தியர்.

வீட்டு விஷயத்துக்கு வாருங்கள். 2000இலிருந்து சென்னையின் கூவம், அடையாறு ஓரங்களிலிருந்தும் நகரத்துக் குடிசைகளிலிருந்தும் நம் சனத்தை வாரிக்கொண்டுபோய்த் தெற்கே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொட்டினார்கள். கண்ணகி நகரின் பழைய வீடுகள் 200 சதுர அடியை ஒட்டியவை. பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்குகள். ஒரு அறையில் ஐந்து பேர் படுக்கிறார்கள். சுகாதாரச் சட்டம் வந்து அறுபது வருசத்துக்கு மேல் ஆனபின் அரசே கட்டிக் கொடுத்த வீடு இது. நகரத்தின் காற்று சரியில்லை, தாம்பரத்துக்கு வாருங்கள் என்றார் சௌரி முத்து. தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே காற்றில்லாத வீட்டைக் கட்டியிருக்கிறோம்.

தண்ணீரும் அப்படித்தான். 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2024 டிசம்பரில் பல்லாவரத்தில் வாந்தி பேதி கண்டு பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், சாவும் நடந்தது. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது என்றார்கள் சனங்கள். தண்ணீர் காரணமில்லை என்றது அரசுத் தரப்பு. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் நம் வாதம் குழாயடியிலேயே நிற்கிறது.

தோழர்களே, மாணவர்களே, மருந்தை வேண்டாம் என்று சொல்லி இந்தக் கட்டுரையை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊசியையும் மாத்திரையையும் விடாமல் வாங்குவோம். அதோடு நாலு விஷயங்களை உரிமையாகக் கேட்போம். ஒன்று, காசநோயாளி இருக்கிற குடும்பம் முழுமைக்கும் அரிசியோடு பருப்பும் எண்ணெயும் முட்டையும் ரேஷன் கடை வழியாகச் சட்டப்படி வரவேண்டும். இரண்டு, கல், தோல், மணல், குப்பை, சாக்கடை வேலை செய்கிற ஒவ்வொரு நோயாளியின் சீட்டிலும் அவர் செய்கிற வேலை எழுதப்பட வேண்டும், தொழில்நோய் என்றால் நட்டஈடு வேண்டும். மூன்று, இனி கட்டுகிற மறுகுடியமர்வு வீட்டில் எதிரெதிர் ஜன்னல் இல்லாவிட்டால் சுகாதாரத் துறை அனுமதி கொடுக்கக் கூடாது. நான்கு, காசநோய்க் கணக்கில் சாதி வேண்டும். வயது தெரிகிறது, ஆணா பெண்ணா என்று தெரிகிறது, மாவட்டம் தெரிகிறது. சேரி தெரியவில்லை. எண்ணாததை யாரும் தடுக்க மாட்டார்கள்.

பதிவேடு எழுதுகிறவர்கள் எழுதும்வரை காத்திருக்க வேண்டாம். நம் தெருவில் யாருக்கு இருமல், அவர் என்ன வேலை செய்தார், எத்தனை பேர் ஒரு அறையில், எந்தக் குழாயில் தண்ணீர் என்று நாமே ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதத் தொடங்கலாம். பல்லாவரத்திலும் நாகல்கேணியிலும் பெரும்பாக்கத்திலும் சில பிள்ளைகள் உட்கார்ந்தால் ஒரு மாதத்து வேலை. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மாநகராட்சி வாசலுக்குப் போவோம்.